கதவு டெண்டர்

“கொழம்புல புளி தூக்கலா கீது ஆலிஸ்” என்றபடியே என் கணவர் இக்னேஷியஸ் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. மாரடைப்பு.

பன்னிரண்டு அரசுப் பள்ளிகளின் கழிவறைகளுக்குக் கதவு போடும் டெண்டர் அந்த வாரம்தான் எங்களுக்குக் கிடைத்திருந்தது. பதினோரு வருட அலைச்சலில் அதுதான் பெரிய வேலை. பட்டறையில் ஆறு பேர் அதை நம்பி இருந்தார்கள்.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும், அந்த டெண்டரில் இரண்டாவதாக வந்த அலெக்ஸாண்டர் ராயபுரம் கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்தார்.

“அண்ணி, எடுத்தவரே பூட்டாரு. உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு? வேலைய விட்டுக் குடுக்கறேன்னு ஒரு லெட்டர் குடு. நான் பாத்துக்கறேன்.”

“ஆபீசுக்கு வா, பேசிக்கலாம்” என்றேன்.

மறுநாள் டெண்டர் கொடுத்த அரசு அலுவலகத்தில், பொறியாளர் மகிழினியிடம் அவரே முந்திக்கொண்டார். “மேடம், காண்ட்ராக்டர் செத்துட்டாரு. இவங்க அவரு சம்சாரம்.”

மகிழினி கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். “காண்ட்ராக்டர் உங்க பக்கத்துலதானே நிக்கறாங்க?”

பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்குச் சலுகை உண்டென்று இக்னேஷியஸ் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் என் பெயரில் பதிவு செய்திருந்தார். ஊருக்கு அவர் முதலாளி. கோப்பின்படி என்னிடம் சம்பளத்துக்கு இருக்கும் மேற்பார்வையாளர்.

அலெக்ஸாண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்போ இத்தினி வருசமா அண்ணன் உன்கிட்டயா வேலை செஞ்சாரு?”

“ஆமா. ஒரு நாள் லீவு போட்டதில்ல.”

கதவுகளையெல்லாம் போட்டு முடித்துவிட்டோம். கோப்பில் மேற்பார்வையாளர் என்ற இடத்தில் இன்னும் இக்னேஷியஸ் என்றே இருக்கிறது.