ஐந்து மணிவரை

காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை இருதயராஜின் இரண்டு கைகளும் உணர்வதெல்லாம், கோயம்புத்தூரில் கழுத்துக்குக் கீழே மரத்துப்போய்க் கிடக்கும் சபாபதிக்குப் போய்விடும். அதுதான் அவன் வேலை. அந்த நேரத்தில் தன் கை எங்கே இருக்கிறதென்றுகூட அவனுக்குக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி பிலோமினாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கம்பெனிக்குப் போன் செய்தான். ஐந்து மணிக்கு முன்னால் உணர்வைத் திருப்பித் தர முடியாது என்றார்கள்.

அவள் அவன் கையைப் பற்றினாள். நழுவிவிடக் கூடாதே என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைப் பாருங்க," என்றாள்.

நிமிர்ந்தான். கை நழுவி மெத்தையில் விழுந்தது. குனிந்து, பார்த்துப் பார்த்து மறுபடி அவள் விரல்களுக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். ஐந்து மணிக்கு அவனுக்கு உணர்வு திரும்பியது. பிடித்திருந்த கை சில்லிட்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் சபாபதிக்குப் போன் செய்தான்.

"ஐயா, செவ்வாய்க்கிழமை மதியம் யாராவது கையை அழுத்தினாங்களா?"

"அழுத்தினாங்க தம்பி. ரெண்டாவது தடவை ரொம்ப நேரம் விடல. யாரு அவங்க?"

"என் வீட்டுக்காரி." பிறகு கேட்டான்: "அவ கை சூடா இருந்துச்சாய்யா?"

"முதல்ல இருந்துச்சு," என்றார் சபாபதி.