புஸ்ரா அரங்கில் ஒரு முணுமுணுப்பு

காலை வெயில் பழங்காலப் புஸ்ரா அரங்கத்தின் கருங்கல் படிகளில் பாதிவரை இறங்கி நிற்கிறது. மேடையின் நடுவில் வழிகாட்டி ருதைனா. போரில் வேலை போய்ப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவள் அழைத்து வந்திருக்கும் முதல் சுற்றுலாக் கூட்டம் உச்சிப் படியில் உட்கார்ந்து அவளையே பார்க்கிறது. அவர்கள் நடுவே பேருந்து ஓட்டுநர் அபூ நவ்ராஸ் சூரியகாந்தி விதை கொறிக்கிறார். மேடையில் மெல்லப் பேசினாலும் மேலே கேட்கும் என்று சொல்லித்தான் அவர்களை ஏற்றிவிட்டிருக்கிறாள். ஆனால் போரில் குண்டு பெயர்த்த கற்களுக்கே அவள் கண் திரும்பத் திரும்பப் போகிறது. தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொள்கிறாள். மனப்பாடமான பேச்சு நாவுக்கு வரவில்லை. "வந்துட்டாங்க," என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறாள். உடனே உச்சியிலிருந்து ஓட்டுநரின் குரல் வருகிறது: "யாரு மகளே வந்துட்டாங்க? நாங்க பத்து நிமிஷமா இங்கதானே குந்தியிருக்கோம்!" படிகளெங்கும் சிரிப்பு உருண்டு இறங்குகிறது. ருதைனா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கேட்டுச்சா? நெஜமாவே கேட்டுச்சா?" என்று கூவுகிறாள். "கத்தாதே, காது கிழியுது!" என்கிறார் ஓட்டுநர். அதற்குள் தாங்களும் பேசிப் பார்க்க எல்லோரும் மேடைக்கு ஓடி வருகிறார்கள். செருப்பைக் கையில் பிடித்தபடி, தொந்தி குலுங்க, எல்லோரையும் முந்திக்கொண்டு வருகிறார் அபூ நவ்ராஸ்.