எழுந்து நின்றவர்

வீட்டுப் பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும் என்ற மசோதாவை எதிர்த்து, ஏழாவது முறையாக எம்.எல்.ஏ. ஆகியிருந்த வேதாசலம் நெடுநேரம் பேசினார். "குடும்பத்துக்குத் தலை ஒண்ணுதான்" என்று அவர் முடித்தபோது கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட மாற்றிப் பேசியதில்லை.

சபாநாயகர் வாக்கெடுப்பைத் தொடங்கினார். "ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க."

பார்வையாளர் மாடத்திலும் ஒரு பெண் எழுந்தாள். வேதாசலம் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய மனைவி சௌந்தரவல்லி. அவள் சட்டசபைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"உட்காருங்கம்மா. இங்க நீங்க நிக்கக் கூடாது" என்றார் பெண் காவலர்.

"வீட்டுலயும் இதைத்தான் சொல்றாங்க" என்றாள் அவள். சபை முழுவதற்கும் கேட்டது. காவலர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவ மேல கை வைக்காத!" வேதாசலம் சட்டென்று எழுந்துவிட்டார்.

தலைகளை எண்ணிக்கொண்டிருந்த செயலாளர் குழம்பிப்போய் நிறுத்தினார். சபாநாயகர் மைக்கை நெருங்கினார்.

"ஐயா, இப்ப ஆதரவு ஓட்டைத்தான் எண்ணுறோம். நீங்க நிக்கிறீங்களே?"

பக்கத்தில் இருந்த கட்சிக் கொறடா அவர் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தார். மாடத்தில் சௌந்தரவல்லி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

வேதாசலம் முன்னால் இருந்த மேசையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். உட்காரவில்லை.