இரண்டாவது படம்

"மேடம், அந்த வியாழக்கிழமை மட்டும் வேண்டாமே. ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாமா?"

போனில் விளம்பரக் கம்பெனி மேடம் மசியவில்லை.

"கேமராமேனுக்கெல்லாம் சொல்லியாச்சும்மா. முதல் படம் பிரமாதமா வந்திருக்கு. ரெண்டாவதையும் எடுத்துட்டா வேலை முடிஞ்சுது. முகத்துல பவுடர்கூட வேண்டாம், அப்படியே வா."

அவள் போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"சரியா பீரியட்ஸுக்கு ரெண்டு நாள் முன்னாடிக்கா. மாசா மாசம் அப்பதான் தாடை முழுக்கப் பரு வரும்னு செலக்‌ஷன் அன்னிக்கே மறைக்காம சொன்னேன். தேதியைக்கூடக் கேட்டாங்க."

"அவங்களுக்கு ஆயிரம் வேலை. உன் தேதியா ஞாபகம் இருக்கும்?"

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் விற்பனைப் பெண். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி, அதில் அவள் முகம். மாதத்தில் ஒரு வாரம் முதலாளி அவளைக் கவுன்டரிலிருந்து எடுத்து, பின்னறையில் லென்ஸ் துடைக்க அனுப்பிவிடுவார். காரணம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளை, முப்பது பெண்கள் வரிசையில் நின்ற இடத்தில், முக க்ரீம் விளம்பரத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கடைக்கு எதிரே உள்ள பெரிய போர்டில் அவள் முகம் வரப்போகிறது. முதலாளி தினமும் அதைப் பார்த்தபடிதான் கடையைத் திறக்க வேண்டும்.

"டாக்டர் என்னடி சொன்னார்?" என்றாள் அக்கா.

"பரு வந்த பிறகு அதைத் துரத்திக்கிட்டு ஓடாதே, வர்றதுக்கு முன்னாடியே தினமும் மருந்து போடுன்னார். மூணாவது மாசம்தான் பலன் தெரியுமாம்."

"இதுதானே மூணாவது மாசம். பேசாம இரு. எல்லாம் சரியாப் போகும்."

பேசாமல் இருக்கத்தான் முடியவில்லை. திங்கட்கிழமை தாடையில் லேசாக நமைச்சல். கை தானாக அங்கே போக, அக்கா பட்டென்று தட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை அவள் தலையணை உறையை மாற்றினாள். புதன்கிழமை கடையில் ஒரு கண்ணாடியையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை குளியலறைக் கதவைத் தட்டினாள் அக்கா.

"உள்ளே போய் அரை மணி நேரமாச்சு. உயிரோட இருக்கியா?"

கதவு திறந்தது. அவள் கண்களில் நீர்.

"வந்துடுச்சா?"

"இல்லக்கா. ஒண்ணுகூட வரலை."

அக்கா அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பழைய தழும்பு இரண்டைத் தவிர, தாடை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஸ்டூடியோவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எட்டு வருஷத்தில் முதல் முறையாக, இந்தத் தேதியில் அவள் தலைநிமிர்ந்து ஓர் அறைக்குள் நுழைந்தாள்.

மேடம் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். முகம் கறுத்தது.

"தேதி தள்ளிப் போயிடுச்சா?"

"இல்ல மேடம். நாளை மறுநாள்தான்."

"அப்போ பரு எங்க?"

"வரலை மேடம்," என்றாள் பூரிப்போடு. "டாக்டர்கிட்டப் போனேன். சரியாயிடுச்சு."

கேமராமேன் விளக்கை அணைத்தார். மேடம் தலையில் கைவைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"க்ரீம் போட்ட பிறகுன்னு காட்டுற படத்தைத்தான் போன தடவையே எடுத்தாச்சேம்மா. போடறதுக்கு முன்னாடின்னு காட்டத்தானே, உன் தேதி பார்த்து இன்னிக்கு வரச் சொன்னேன்."