இறக்கையை ஆட்டினால்

மாணவ விமானிகள் ரேடியோவில் உளறிக்கொட்டக் கூடாதென்று, அவர்கள் குரலிலேயே விமானம் பிழையில்லாத பதிலைச் சொல்லிவிடும் காலம் அது.

தனியாகப் பறந்துகொண்டிருந்த மீனலோசனியின் எரிபொருள் முள் அடியைத் தொட்டிருந்தது.

"எரிபொருள் இருக்காம்மா? இருந்தா விளக்கு சைகைப் பாடத்தையும் முடிச்சிடலாம்," என்றார் கோபுரத்திலிருந்த ஆசிரியர் இன்னாசி.

"வேண்டிய அளவு இருக்கு சார்," என்றது அவள் குரல். அவள் வாயே திறக்கவில்லை.

"இல்ல சார், தீரப்போகுது," என்று தொண்டை கிழியக் கத்தினாள். சத்தம் விமானத்தைத் தாண்டவில்லை.

கோபுரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. இறங்காதே, சுற்றிக்கொண்டிரு என்று அர்த்தம். ஆபத்தென்று அவருக்குக் காட்ட, பதறிப்போய் இறக்கைகளை மாறி மாறி ஆட்டினாள்.

"பரவால்லயே. விளக்கு புரிஞ்சா இறக்கைய ஆட்டணும்னு சொன்னத மறக்கல நீ. இன்னும் நாலு சுத்து சுத்தும்மா."

எஞ்சின் ஒருமுறை இருமியது.

"சரி சார்," என்றது அவள் குரல்.