மூன்று புள்ளி

"பார்த்தீங்களா அண்ணை, மர்ஸூக் நானா செய்த வேலையை!"

கனகேஸ்வரி கணினித் திரையைப் பக்கத்து மேசை ஒஸ்வால்ட் பக்கம் திருப்பினாள். 'நான் கேட்காத ஒன்றைத் தந்திருக்கிறாய்' என்று சிவப்பு எழுத்தில் முரண்டு பிடித்து நின்றது 'R' என்ற கணினி மொழி.

2007. வெள்ளவத்தையில் ஒரு நிவாரண அலுவலகம். அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். போரால் தரைப்பாதை பூட்டியிருந்ததால் வடக்குக்குச் சாமான் கப்பலில்தான் போகும். எத்தனை பெட்டி பால்மா ஏற்றுவது என்ற கணக்கு மூன்று மணிக்குள் வேண்டும். அவளுடைய வேலை நிரந்தரமாவதும் அதில்தான் இருந்தது.

"பெட்டிக் கணக்குப் போட அவர் எழுதின பங்ஷன்தான். குடும்பத் தொகையோட கைக்குழந்தையளின்ர தொகையையும் குடுத்தனான். நேற்றும் இப்பிடித்தான் கத்தினது. பங்ஷனின்ர அடைப்புக்குறிக்குள்ள மூன்று புள்ளி போட்டன். பிறகு எதைக் கூடக் குடுத்தாலும் பேசாமல் வாங்கிச்சுது. இப்ப அந்தப் புள்ளியளை அழிச்சுப்போட்டார்!"

"நீர் நிரந்தரமாகிறது மனுசனுக்குப் பொறுக்கேல்லை," ஒஸ்வால்ட் சிரித்தார். "அழிச்சுப்போட்டு, நல்ல பிள்ளை மாதிரி ஜும்மாத் தொழுகைக்குப் போயிட்டார்."

"இப்ப நான் என்ன செய்ய?"

"கூடக் குடுத்ததைத் தூக்கிப்போட்டு ஓட்டும்."

குழந்தைகளின் தொகையை எடுத்தாள். சத்தமில்லாமல் ஓடியது. விடையை இரண்டாம் முறையும் பார்த்தாள்.

நேற்று வந்த அதே விடை.

குழந்தைகளைக் கொடுத்தாலும் அதே, எடுத்தாலும் அதே. அப்படியென்றால் பங்ஷன் அவர்களை எண்ணவேயில்லை. மூன்று புள்ளிகளும் அவர்களின் தொகையை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கின்றன. மர்ஸூக் அழித்திராவிட்டால், அந்தக் குழந்தைகளின் பங்கு இல்லாமலே கப்பல் வெளிக்கிட்டிருக்கும்.

பங்ஷனைத் திறந்து குழந்தைகளுக்கும் பங்கு எழுதி, மறுபடி ஓட்டினாள். பெட்டிகள் இரட்டிப்பாயின.

தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி மர்ஸூக் உள்ளே வரவும், பணிப்பாளர் இராஜநாயகம் அறையை விட்டு வெளியே வரவும் சரியாக இருந்தது. பணிப்பாளர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"நேற்றுச் சொன்னதைவிட இவ்வளவு கூடவோ? ஆர் விட்ட பிழை இது?"

கனகேஸ்வரி எழும்பினாள். 'புள்ளி போட்டது நான்தான் சேர்' என்று சொல்ல வாயெடுத்தாள்.

திரையை எட்டிப் பார்த்த மர்ஸூக் முந்திக்கொண்டார்.

"பங்ஷன் நான் எழுதின, சேர். பிழையும் என்டதான். இந்தத் தங்கச்சிதான் அதப் புடிச்ச."