முதலில் ஓடியவர்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது நபீஸாவின் கணவனின் குரல்தான்.

"என்ட மகன்ட மவுத்துக்குக் காரணமான ஆள் இந்த சஃப்புல தொழுகைக்கு நிண்டாலும், நான் அல்லாஹ்வுக்காக மன்னிச்சிட்டன். அவரிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்க வேணாம்."

வீட்டு முன் அறையில் நெருக்கியடித்து இருந்த பெண்கள் எல்லோரும் ஒன்றாக அழுதார்கள். பெற்ற மகனைச் சந்தூக்குப் பெட்டியில் கிடத்தி வைத்துக்கொண்டு, கொன்றவனை மன்னிக்க ஒரு மனசு வேண்டும். ஸஹீதுக்கு அந்த மனசு இருக்கிறது என்று வரிப்பத்தான்சேனை முழுக்கக் கேட்டுவிட்டது.

நபீஸா அழவில்லை.

மகன் றிஸ்கானை நேற்று விடிய வயலுக்கு அனுப்பியது அவள்தான். வாப்பாவுக்குக் காய்ச்சல், எழுப்பாதே, நீயே போய்த் தண்ணீரைத் திருப்பிவிட்டு வா என்றாள். பிள்ளை ஒரு வாய்த் தேநீர்கூடக் குடிக்காமல் போனான்.

வரம்பில் கட்டுத்துவக்கு இருந்தது.

பன்றிக்குக் கட்டுவது அது. ஓர் இரும்புக் குழாய், இரண்டு கட்டை, பாதைக்குக் குறுக்கே ஒரு தங்கூசி நூல். நூலில் படுகிற கால் யாருடையது என்று அதற்குத் தெரியாது.

அதைக் கட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கதிர் வருகிற நேரத்தில் பன்றி இறங்கினால் சட்டம் வந்து காவல் கிடக்குமா என்று கேட்கிற விவசாயிகளும் இருக்கிறார்கள். கேட்பார்களே தவிர, நான் கட்டியிருக்கிறேன் என்று ஒருவரும் சொல்லிக்கொள்வதில்லை.

துவக்கைப் பொலிஸ் எடுத்துக்கொண்டு போனது. அனுமதிப்பத்திரம் இல்லை, இலக்கம் இல்லை, எவனோ ஒருவன் பட்டறையில் செய்து கொடுத்தது. சட்டப்படி அது யாருடையதும் அல்ல. ஆனால் அது கட்டப்பட்டிருந்தது மசூரின் வயலும் இவர்களின் வயலும் சேருகிற எல்லை வரம்பில். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

மசூர் அல்லாஹ் மேல் சத்தியம் செய்தான். செய்யாமல் என்ன செய்வான் என்றார்கள்.

அவனுக்கு எதிராக இன்னொன்றும் இருந்தது. வெடிச் சத்தம் ஊரெல்லாம் கேட்டது. யாரோ யானை விரட்ட வெடி போடுகிறார்கள் என்று எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். மசூர் அப்போது வாய்க்கால் கட்டில் நின்றிருக்கிறான். வீட்டை விட அது எவ்வளவோ கிட்ட. ஆனால் றிஸ்கானிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர் ஸஹீத்தான். மசூர் வந்து பார்த்தபோது அவர் மகனை மடியில் போட்டுக்கொண்டு சேற்றில் இருந்தாராம். காய்ச்சல்காரர், சட்டைகூட இல்லாமல், வெறுங்காலோடு ஓடியவர் அவர். பெற்ற மனம் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். கிட்ட நின்றவன் ஏன் பிந்தினான் என்பதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது.

மசூரின் மனைவி பஸ்மினாவும் மையத்து வீட்டுக்கு வந்திருந்தாள். வராவிட்டால் அதற்கும் கதைப்பார்கள். அறையில் கால் வைக்க இடமில்லை. அவளைச் சுற்றி மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் கிடந்தது.

வாசலில் யாரோ இருமினார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் காலிதீன். உள்ளே பார்க்காமல், மல்லிகைப் பந்தலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தங்கச்சி, வாப்பா மன்னிச்சிட்டார். உம்மாவும் வாரிசுதானே. தொழுகைக்கு முதல் நீங்களும் ஒரு வார்த்த சொல்லிட்டா, ஊருக்குள்ள கதை முடிஞ்சிரும்."

முடிந்துவிடும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஓம் என்றால் மகனை அடக்கிவிடுவார்கள். மசூரை யாரும் அடிக்க மாட்டார்கள், ஏச மாட்டார்கள். கடையில் அவனுக்குச் சாமான் கொடுப்பார்கள், பள்ளியில் பக்கத்தில் நின்று தொழுவார்கள். அவன் பிள்ளைகள் மன்னிக்கப்பட்டவனின் பிள்ளைகளாக வளரும். குற்றம் சாட்டப்பட்டவன் என்றால் ஒருநாள் வழக்காடி வெளியே வரலாம். மன்னிக்கப்பட்டவன் எங்கே போய் வழக்காடுவான்?

பஸ்மினா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை. களைத்துப்போன பார்வை.

நேற்று முழுவதும் ஸஹீத் நபீஸாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையை ஏன் அனுப்பினாய் என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று அவள் நடுங்கிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை. மரண விசாரணை முடிந்து வெளியே வந்தபோதும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. எந்தத் தகப்பனும் முதலில் கேட்கிற கேள்வி அது.

நல்ல மனிதர். அவள் மேல் ஒருநாளும் கை நீட்டாதவர். றிஸ்கான் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊர் பார்க்க அழுதவர். இனி இந்த வீட்டில் அவளுக்கு மிச்சம் இருக்கிறவரும் அவர் மட்டும்தான்.

அவள் எழுந்து பஸ்மினாவைச் சுற்றிக் கிடந்த வெற்றிடத்தில் போய் இருந்தாள்.

"மன்னிக்கிறத்துக்கு முதல், அவரிட்ட ஒண்டு கேட்டுட்டு வாங்க காக்கா. மகன் வயலுக்குப் போயிட்டான் எண்டு நான் சொன்னதும், என்னத்துக்கு அப்பிடிப் பதறி ஓடின எண்டு கேளுங்க."

காலிதீன் முதன்முறையாக உள்ளே பார்த்தார். "வெடிச் சத்தம் கேட்டுத்தானே ஓடியிருப்பார் தங்கச்சி?"

"இல்ல காக்கா," என்றாள் நபீஸா. "அவர் ஓடிப் போன பொறவுதான் வெடி கேட்டிச்சு."